சோற்றைக் குறைத்தும் சீனி இறங்கவில்லையா? மெசின் காட்டும் எண்ணைப் பிரித்துப் பார்க்கும் வழி

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஆறு வீட்டில் குளுக்கோஸ் மெசின் இருக்கிறது. அதில் நான்கு வீட்டார் சோற்றையும் பாணையும் குறைத்துக்கொண்டவர்கள். நான் ஒன்பது வருடமாகச் சீனி வருத்தத்தோடு இருக்கிறேன். கடைசி மூன்று வருடமாக மாச்சத்துக் குறைந்த சாப்பாடு. காலையில் யாராவது கேற்றடியில் நின்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, "நான் என்ன பிழையாச் சாப்பிட்டனான்?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

சாப்பாட்டைக் குற்றம் சொல்ல முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அந்த எண் இரத்தத்திலிருந்து வந்ததா, விரல் தோலிலிருந்து வந்ததா? சாப்பாட்டிலிருந்து வந்ததா, ஈரலிலிருந்து வந்ததா? எந்த எண்ணிலிருந்து ஏறி இந்த எண்ணுக்கு வந்தது? தனியே நிற்கும் ஓர் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முன்னும் பின்னுமாக இரண்டு எண் வேண்டும்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம். சீனி அளவு 100 என்றால் ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராம். அப்படியென்றால் முழு உடம்பின் இரத்தத்திலும் சேர்த்து 5 கிராம் குளுக்கோஸ்தான், ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. இந்தச் சின்னத் தேக்கரண்டிக் கணக்கில்தான் உடம்பு நாள் முழுக்கத் தராசு பிடிக்கிறது. 10, 15 புள்ளி அங்கே இங்கே ஆடுவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

இலக்கு எண்கள் பெரும்பாலானோருக்குத் தெரியும். நீரிழிவு உள்ள வளர்ந்தவருக்குப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் 180க்குக் கீழ். உங்கள் வயதையும் மற்ற வருத்தங்களையும் பார்த்து டொக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் எண்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து முதலில் செய்யுங்கள். உங்கள் குளிசைப் பெட்டியை எடுத்துப் பெயரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள், கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட், கிளிமெபிரைட், டொல்பியூட்டமைட் எடுப்பவர்கள் கீழே "கை நடுங்குகிறது" என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போல "கிளிஃப்ளோசின்" என்று பெயர் முடியும் குளிசை எடுப்பவர்கள் அதற்கடுத்த பகுதியை வாசியுங்கள். மற்றது ஆறுதலாகப் பார்க்கலாம்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு எண், எது சரி?

ஆனி மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் வந்திருந்தது. பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துவிட்டுக் குத்திப் பார்த்தேன். 212. நான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. பயந்துபோய் இன்னொரு தரம் அதே விரலில் பார்த்தேன், 187. மனைவிதான் கேட்டா, "கை கழுவினீங்களோ?" என்று. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மற்றக் கையில் குத்தினேன். 116.

மெசினில் செருகும் ஸ்ட்ரிப் உறிஞ்சும் இரத்தம் ஒரு கடுகளவுகூட இல்லை. அதில் மாம்பழச் சாறு ஒரு துளித் துகள் கலந்தாலே எண் நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதும் போதாது. பழச் சாறு அதற்கு முழுதாகப் போகாது. தண்ணீரும் சவர்க்காரமும்தான் வேண்டும். ஈரக் கையோடு குத்தினால் இரத்தம் கரைந்து எண் குறைவாக வரும், ஆகவே துடைத்துக் காயவிடுங்கள். விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுக்கும் சொட்டில் தோலுக்கடியில் உள்ள நீர் கலந்துவிடும். கையைக் கீழே தொங்கவிட்டு ஒரு நிமிடம் இருந்தால், விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தியதும் இரத்தம் தானாக வரும். நுனிக்கு நடுவில் குத்தினால் வலியும் கூட.

கை சுத்தமென்றால் அடுத்தது ஸ்ட்ரிப். இதில் திருகோணமலைக்காரர் மற்ற ஊராரைவிடக் கவனமாக இருக்க வேண்டும். அதன் நுனியில் பூசியிருப்பது ஒரு நொதியம். வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும். பெரும்பாலான டப்பாக்களில் 30 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று போட்டிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் வீட்டு அறைக்குள்ளேயே அதற்கு மேல் போய்விடும். ஓட்டோவின் முன்தட்டிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வைத்தால் சொல்லவே வேண்டாம். மார்கழியில் மழையும் வாடையும் வந்தால் உப்புக்கூடக் கட்டியாகும் ஈரம். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறுதலாக ஸ்ட்ரிப் எடுப்பது, நாலைந்தைக் கடதாசியில் சுற்றிப் பேர்ஸில் வைப்பது, இரண்டும் கூடாது. குளிர்பெட்டியும் தீர்வல்ல, வெளியே எடுத்ததும் உள்ளே பனித்துவிடும். நான் வைத்திருப்பது சமையலறைக்குத் தூரமான அறையில், தரைமட்டத்து அலுமாரித் தட்டில். மதியத்திலும் அந்தச் சீமெந்துத் தரை குளிர்ந்துதான் இருக்கும். திறந்த திகதியைப் பேனாவால் டப்பாவில் எழுதுங்கள். சில டப்பாக்கள் திறந்த மூன்று மாதத்தில் காலாவதியாகும், அச்சடித்த திகதி எவ்வளவு தள்ளி இருந்தாலும்.

கையும் ஸ்ட்ரிப்பும் நன்றாக இருந்தும் 118, பிறகு 127 என்று வருகிறதா? அது பிழை இல்லை. மெசின்களுக்கான சர்வதேசத் தரமே அவ்வளவுதான் கேட்கிறது: 100க்கு மேல் என்றால் நூற்றில் 95 தடவை உண்மை அளவின் 15 வீதத்துக்குள், 100க்குக் கீழ் என்றால் 15 புள்ளிக்குள். உண்மையில் 120 உள்ளவருக்கு மெசின் 102 காட்டினாலும் 138 காட்டினாலும் அது தரத்துக்குள்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு மெசின் கூட்டிக் காட்டக்கூடும். அதிக அளவில் விற்றமின் சி குளிசை போடுபவர்களுக்கும் சில மெசின்கள் பிழையாகக் காட்டும்.

மெசின் 7.2 என்று காட்டுகிறது

இது வெளிநாட்டு மெசின். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ மகள் அனுப்பியிருப்பா. அங்கே மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்குங்கள்: 7.2 என்றால் ஏறக்குறைய 130. எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி 11.4ஐ எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் இரத்தச் சோதனை எண், என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தா. அது சாப்பிட்ட பிறகு பார்த்த 205. இன்னொன்று, அந்த மெசினுக்கான ஸ்ட்ரிப் இங்கே பாமசியில் கிடைக்குமா என்று பார்த்துவிட்டே அனுப்பச் சொல்லுங்கள்.

இரவு சோறே இல்லை, காலையில் 135

கேற்றடிக் கேள்விகளில் பாதி இதுதான். "ராத்திரி ரெண்டு முட்டையும் கீரை வறையும்தான் சாப்பிட்டனான் அண்ணை, படுக்கேக்க 112, விடிய 135. எங்கயிருந்து வந்தது?"

ஈரலிலிருந்து வந்தது. நாம் சாப்பிடாத நேரத்தில் மூளைக்கும் செங்குருதிக் கலங்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். அதை ஈரல் சேமிப்பிலிருந்து எடுத்தும், புரதத்திலிருந்து புதிதாகச் செய்தும் விடுகிறது. விடியப்புறம் மூன்று மணியிலிருந்து கோர்ட்டிசோல், வளர்ச்சி ஓமோன் போன்றவை ஏறி, எழும்புவதற்கு உடம்பைத் தயார்படுத்தும். நீரிழிவு இல்லாதவருக்கும் இது நடக்கும். அவருடைய இன்சுலின் உடனே சமப்படுத்திவிடும். எங்களுக்கு அந்தப் பதில் மந்தம். ஆகவே இராச் சாப்பாட்டை இன்னும் குறைத்தால் காலை எண் இறங்கும் என்று நினைப்பது பெரும்பாலும் பிழைக்கும்.

மாச்சத்தை நன்றாகக் குறைத்தவர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. சில கிழமைகளில் தசைகள் கொழுப்பை எரிக்கப் பழகிவிடும். குளுக்கோஸை மூளைக்கு விட்டுக்கொடுத்து, தாங்கள் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் வெறும் வயிற்று எண் கொஞ்சம் மேலே நிற்கும், பகல் எண்கள் எல்லாம் தாழ்ந்தே இருக்கும். எனக்கு முதல் நான்கு மாதம் அப்படித்தான்: காலையில் 125, 130, மதியச் சாப்பாட்டுக்கு முன் 98, பிறகு 115. எச்பிஏ1சி 8.1இலிருந்து 6.4க்கு இறங்கியிருந்தது. காலை எண்ணை மட்டும் பார்த்திருந்தால் கைவிட்டிருப்பேன்.

உங்களுக்கும் இதுதானா என்று கண்டுபிடிக்க ஒரு இரவு போதும். படுக்கும்போது, விடியப்புறம் மூன்று மணிக்கு, எழும்பியதும், எழும்பி ஒரு மணித்தியாலம் கழித்து, நான்கு தடவை பாருங்கள். மூன்று மணிக்கு நல்ல எண்ணாக இருந்து விடிய ஏறினால் அது விடியற்கால ஏற்றம். படுக்கும்போதே கூட இருந்தால் இராச் சாப்பாட்டில் தேடுங்கள். மூன்று மணிக்கு 70க்குக் கீழே இருந்தால் மருந்து கூடிவிட்டது. அன்றே டொக்டரிடம் போங்கள்.

விடியற்கால ஏற்றத்துக்கு எனக்கு உதவியவை இவை. இராச் சாப்பாட்டை ஒன்பதரையிலிருந்து ஏழுக்கு முன்னால் கொண்டு வந்தேன். சாப்பிட்டுக் கால் மணித்தியாலம் கடற்கரையோரம் நடந்தேன். நித்திரை ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். மெட்ஃபோமின் வேலை செய்வதே பெரிதும் ஈரலில்தான். அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று டொக்டரிடம் கேட்டு மாற்றினோம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பத்து மணிவரை இருந்தால் சிலருக்கு எண் இன்னும் ஏறும், ஈரல் விடுவதை நிறுத்தாது என்பதால். ஒரு முட்டையோ ஒரு துண்டு மீனோ சாப்பிட்டதும் இறங்குவதைப் பார்க்கலாம்.

ஆனால் காலை எண் கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டே போகிறது, 150, 160, பகலிலும் கூடத்தான் என்றால் அதைக் கொழுப்பு எரிப்பின் கணக்கில் எழுத வேண்டாம். சதையி சுரக்கும் இன்சுலின் குறைந்துகொண்டு போகிறது என்பதாக இருக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதற்கே அர்த்தமில்லை. "இது லோ காப்பில் (மாச்சத்துக் குறைந்த சாப்பாட்டில்) வழமைதான்" என்று ஒருவர் சொல்லக் கேட்டு ஒரு வருடம் சும்மா இருந்தவரை எனக்குத் தெரியும்.

சோறு சாப்பிடவில்லை, இரண்டு மணித்தியாலத்தில் 60 புள்ளி ஏறியது

சாப்பிட முன் ஓர் எண், முதல் வாய் வைத்து இரண்டு மணித்தியாலத்தில் ஓர் எண். வித்தியாசம் 30, 40க்குள் நின்றால் அந்தச் சாப்பாட்டை நான் வைத்துக்கொள்கிறேன். 60, 70 என்றால் தட்டில் மாச்சத்து ஒளிந்திருக்கிறது.

ஒளியும் இடங்கள் எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவரை இவை. முதலாவது குரக்கன். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று எல்லா வீட்டிலும் குரக்கன் புட்டு. நார் கூட, உண்மை. ஆனால் 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 72 கிராம் மாச்சத்து. அரிசி மாவில் 80. வித்தியாசம் அவ்வளவுதான். என் அம்மா குரக்கன் புட்டை இரண்டு நீத்துப்பெட்டி நிறைய அவித்து, தேங்காய்ப்பூ போட்டு, "இது வருத்தக்காரருக்குச் செய்தது தம்பி, வடிவாச் சாப்பிடு" என்று தட்டை நிறைப்பா. முன் 108, பின் 196. அம்மாவின் மனதை நோகடிக்காமல் அதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் எடுத்தது. இப்போது அதே நீத்துப்பெட்டியில் ஒரு கைப்பிடி மாவுக்கு மூன்று கைப்பிடி முருங்கை இலையும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அவிக்கிறா. 108, பின் 139. கொப்பியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்தா.

சிவப்பரிசியும் அப்படித்தான். தம்பலகாமத்து வயலிலிருந்து வந்த தவிட்டரிசி என்றாலும் தட்டு நிறையப் போட்டால் தட்டு நிறைய மாச்சத்துத்தான். மரவள்ளி, ஒடியல் மா, பலாக்கொட்டை, எல்லாம் சோற்றின் உறவுகள். பருப்புக் கறியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம். இரண்டு கரண்டி பரவாயில்லை, சோற்றுக்குப் பதிலாகக் கோப்பை நிறையக் குடித்தால் சோறு சாப்பிட்டதற்குச் சமம். அவித்த கடலையில் அதைவிடக் கொஞ்சம் கூட. மாலையில் கடற்கரையில் வாங்கும் கச்சான் (நிலக்கடலை) நல்லது, 100 கிராமில் 16 கிராம்தான், அதிலும் பாதி நார். முந்திரிப்பருப்பில் அதன் இருமடங்கு.

தேத்தண்ணி. சீனியை நிறுத்தியவர்கள் மாப்பாலை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பெரிய கரண்டி பால்மாவில் ஏழெட்டுக் கிராம் பாற்சீனி. ஒரு நாளில் நான்கு கோப்பை என்றால் முப்பது கிராம். இளநீர் ஒன்றில் அதன் அளவைப் பொறுத்துப் பத்து முதல் இருபது கிராம் சீனி. மருந்து போல நினைத்துக் கன்னியாவுக்குப் போய் வரும் வழியில் இரண்டு இளநீர் குடித்துவிட்டு எண்ணைப் பார்த்தால் ஏறித்தான் இருக்கும். பனங்கட்டியும் சர்க்கரையும் சீனிதான், இதில் வாதாட ஒன்றும் இல்லை.

கடைச் சாப்பாடு என்றால் "டெவல்ட்" என்று பெயர் வைத்த எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். கணவாயிலும் இறாலிலும் மாச்சத்து மிகக் குறைவு. அவற்றைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, தக்காளி சோஸும் சீனியும் ஊற்றிக் கிளறிவிட்டால் கணக்கே மாறிவிடும். வீட்டில் பாரையையும் சூடையையும் மிளகாய்த்தூள் உப்பு மட்டும் பூசிப் பொரித்தால் எண் அசையாது. ஆச்சரியமானது புளி: மீன் குழம்புக்கு எலுமிச்சம்பழ அளவு புளியில் பத்துப் பன்னிரண்டு கிராம் சீனி உண்டு. முழுச் சட்டிக்கும் அது என்பதால் கவலையில்லை. இரசத்தைத் தனியே கோப்பை கோப்பையாகக் குடிப்பவருக்குத்தான் சொல்கிறேன்.

தேடும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரே சாப்பாட்டை மூன்று நாள் அதே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துவிடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது.

இரண்டு மணித்தியாலத்தில் நல்ல எண், ஐந்தாவது மணித்தியாலத்தில் ஏற்றம்

கொழுப்பும் புரதமும் கூடிய பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு இப்படி வரும். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். கொஞ்ச மாச்சத்து இருந்தாலும் அது பிந்தித்தான் இறங்கும். இன்சுலின் போடும் முதலாம் வகை நீரிழிவுக்காரருக்கு நிறையப் புரதமும் மணித்தியாலங்கள் கழித்து எண்ணை ஏற்றும். அப்படியான சாப்பாட்டு நாளில் இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது மணித்தியாலங்களில் பாருங்கள். ஊசி அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், கொப்பியோடு போங்கள்.

கை நடுங்குகிறது, வேர்க்கிறது, பசி தாங்கவில்லை

உடனே பாருங்கள். 70க்குக் கீழ் என்றால் மாச்சத்துக் குறைப்பு என்ற பேச்சையே அந்த நேரம் விட்டுவிட வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், அல்லது சீனி போட்ட பழச்சாறு அரைக் கோப்பை குடியுங்கள். ஏறக்குறைய 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் திரும்பக் குடியுங்கள். சொக்கிலேற் வேண்டாம், அதன் கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். அகார்போஸ் என்ற குளிசை எடுப்பவருக்குச் சீனித் தண்ணீர் மெதுவாகவே வேலை செய்யும். அவர்கள் குளுக்கோஸ் பவுடரே வைத்திருக்க வேண்டும். 54க்குக் கீழ் என்றாலும், ஆள் தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் முதலில் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆள் சரியாகப் பேசவில்லை, மயங்குகிறார் என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், பணம் இல்லை.

காரணம் கணக்குப்படி நேரானது. நீங்கள் மூன்று நேரமும் சோறு சாப்பிட்ட காலத்துக்கு அளந்து தந்த மருந்து அது. சோற்றைப் பாதியாக்கி மருந்தை முழுதாக எடுத்தால் மருந்து எஞ்சி நிற்கும். கிளிபென்கிளமைட் உடம்பில் நீண்ட நேரம் நிற்பது. ஒருமுறை சீனி குடித்துச் சரியாகி, நாலு மணித்தியாலத்தில் திரும்ப விழுந்தவர்கள் உண்டு. வயதானவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் இன்னும் ஆபத்து. விரதம் இருப்பவர்களும், நோன்பு பிடிக்கும் கிண்ணியா, மூதூர் உறவுகளும், விரதத்தோடு மாச்சத்துக் குறைப்பையும் சேர்க்க நினைத்தால் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி மருந்தை அந்த நாட்களுக்கென்று மாற்றி எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

எல்லா நடுக்கமும் தாழ்வு இல்லை. பல வருடம் 250இல் இருந்த உடம்புக்கு 105 என்பதே பள்ளம் போலிருக்கும். நடுக்கம் உண்டு, மெசின் 95 காட்டுகிறது என்றால் கொஞ்சம் உட்கார்ந்து, உப்புப் போட்ட மோர் குடித்து, அரை மணித்தியாலத்தில் திரும்பப் பாருங்கள். இரண்டு மூன்று கிழமையில் உடம்பு பழகிவிடும். தலைச்சுற்றும் சோர்வும் உப்பும் தண்ணீரும் போனதாலும் வரும். மாச்சத்தைக் குறைத்த முதல் கிழமையில் சிறுநீரோடு அவை நிறையப் போகும். பிரஷர் குளிசையும் எடுப்பவர் என்றால் பிரஷரையும் அளந்து பாருங்கள்.

எண் 160தான், ஆனால் சத்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குகிறது

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைக் குளிசை எடுப்பவருக்கு இது நடந்தால் எண்ணைப் பார்த்து நம்பி இருக்க வேண்டாம். அந்தக் குளிசை சீனியைச் சிறுநீரில் இறக்கிவிடுவதால், இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தான நிலையிலும் மெசின் 200க்குக் கீழே காட்டக்கூடும். மாச்சத்தை மிகக் குறைப்பது, பட்டினி, காய்ச்சல், சத்தி, இவை அந்த ஆபத்தைக் கூட்டும். ஆசுப்பத்திரிக்குப் போனதும் குளிசையின் பெயரையும் "சோறு சாப்பிடுவதில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் கீற்றோனை, அதாவது கொழுப்பு எரியும்போது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருளை, பார்க்கத் தூண்டும். இந்தக் குளிசையில் இருப்பவர்கள் டொக்டருடன் பேசாமல் மாச்சத்துக் குறைப்பைத் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், சிறுநீரக வருத்தக்காரருக்கும் அதையே சொல்கிறேன்.

ஒரு கிழமையாக எல்லா எண்ணும் மேலே, சாப்பாடு மாறவில்லை

உடம்பைத் தேடுங்கள். காய்ச்சல், பல்லுவீக்கம், காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று, எல்லாம் எண்ணை ஏற்றும். முட்டிவலிக்குப் போட்ட ஸ்டீரொய்ட் ஊசி, மூச்சு இழுப்புக்குத் தந்த பிரெட்னிசொலோன் பின்னேரத்தில் 100 புள்ளி ஏற்றினாலும் ஆச்சரியமில்லை. அதை நிறுத்துவதும் குறைப்பதும் தந்தவர்தான் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் போத்தலைப் பாருங்கள். திறந்து நான்கு கிழமைக்கு மேலானதா, வெயிலில் கிடந்ததா? மின்வெட்டு நாட்களில் எங்கள் வீட்டில் மண்பானைக்குள் மணலும் தண்ணீரும் வைத்து நடுவில் சின்னப் பானையில் இன்சுலினை வைத்தோம். ஆடி மாதத்திலும் தொட்டால் குளிர்ந்தே இருந்தது. உறைபெட்டிக்குள் ஒருநாளும் வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். 300க்கு மேல் இரண்டு தடவை வந்தால், அல்லது சத்தியும் கூட இருந்தால், காத்திருக்க வேண்டாம்.

ஆய்வுகூட ரிப்போர்ட்டும் மெசினும் ஒத்துவரவில்லை

வெறும் வயிற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு விரல் நுனி இரத்தம் கை நாளத்தில் எடுத்ததைவிடக் கூடக் காட்டும், அது இயல்பு. எடுத்த இரத்தம் சரியான குழாயில் போகாமல் மேசையில் கிடந்தால் கலங்கள் குளுக்கோஸைத் தின்று மணித்தியாலத்துக்கு ஐந்து ஏழு வீதம் குறைத்துவிடும்.

எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைச் சொல்வது. 6 என்றால் சராசரி 126, 7 என்றால் 154, 8 என்றால் 183. மெசின் எண்கள் எல்லாம் நல்லவை, இது மட்டும் கூட என்றால் நீங்கள் பார்க்காத நேரங்களில் ஏறுகிறதா என்று தேடுங்கள். அதோடு இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை இதைப் பொய்யாகக் கூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரத்தம் போனவர்களுக்கு இது பொய்யாகக் குறையும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தம் உள்ளவர்களுக்கும் இந்த எண்ணை நம்ப முடியாது.

குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தில் பார்க்கும் சோதனைக்குப் போகிறவர்கள், அதற்கு முந்திய மூன்று நாளும் நாளொன்றுக்கு 150 கிராமாவது மாச்சத்துச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். மாச்சத்தே இல்லாத உடம்பில் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் இறங்கினால் இன்சுலின் தடுமாறும். நீரிழிவு இல்லாதவருக்கும் இருப்பதாக ரிப்போர்ட் வரலாம். இரத்தம் எடுப்பவரிடம் நீங்களாகச் சொல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

கிளினிக்குக்குப் போகும் நாளில் மெசினைத் தூக்கிக்கொண்டு போவதைவிடக் கொப்பியில் ஐந்து நிரல் கீறிக்கொண்டு போங்கள்: திகதியும் நேரமும், முன் எண், சாப்பிட்டது, இரண்டு மணித்தியால எண், எடுத்த மருந்து. கிளினிக்கில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஏறிய எண்களுக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, 70க்குக் கீழே வந்தவற்றுக்கு இரண்டு வட்டம் போட்டு, அந்தப் பக்கத்தை மடித்து முதலில் நீட்டுங்கள்.